இலை நின்ற இடம்

பாண்டியர் காலத்துச் சாசனங்கள் நம் நகரத்தை ‘மாடக்குளக்கீழ் மதுரை’ என்று வழங்குகின்றன. மாடமும் மதிலும் கோபுரமும் கொண்ட ஒரு ராஜதானி, தன் விலாசத்தைச் சொல்ல நேர்ந்தபோது, இன்ன அரசனுடைய ஊர் என்றோ இன்ன தெய்வத்தின் க்ஷேத்திரம் என்றோ தொடங்காமல், இன்ன கண்மாயின் கீழே கிடக்கும் ஊர் என்று தொடங்கிற்று என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு உண்டாகிறது. அந்தக் கண்மாய் பழங்காநத்தத்துக்கு மேற்கே, எங்கள் தெருக்களுக்கு அண்டையிலேயே, இன்றும் இருக்கிறது. ஆனால் பழங்காநத்தம் ரவுண்டானாவில் பஸ்ஸுக்கு நிற்கும் பள்ளிப் பிள்ளைகள் பத்துப் பேரை நிறுத்தி மாடக்குளம் என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். பஸ் நிறுத்தம் என்பான் ஒருவன். எங்கள் அத்தை வீடு அங்கேதான் என்பாள் ஒருத்தி. அது நிரம்பினால் மறுகால் எந்தப் பக்கம் பாயும், வரத்துக் கால்வாய் எந்த வழியாக வருகிறது, எந்த மடையில் எந்த வயல் ஒரு காலத்தில் விளைந்தது என்று சொல்லக்கூடிய பிள்ளை ஒன்று அகப்பட்டால் நம்முடைய அதிர்ஷ்டம். பிள்ளைகளைக் குறை சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை. சொல்லித்தர வேண்டியவர்கள் மறந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது.

1972-இல் ஸ்டாக்ஹோமில் கூடிய மகாநாட்டின் ஞாபகமாக ஏற்பட்ட உலகச் சுற்றுச்சூழல் தினம், ஜூன் 5, வருஷந்தோறும் நம் பள்ளிகளில் தவறாமல் அனுஷ்டிக்கப்படுகிறது. விருந்தினர் வருகிறார்; குழி முன்னமே வெட்டி வைக்கப்பட்டிருக்கிறது; கன்று ஒன்று பிளாஸ்டிக் பையோடு அவர் கையில் தரப்படுகிறது; படம் பிடிக்கிறவர் சொல்லும்வரையில் அவர் குனிந்தபடியே இருக்கிறார். இதில் பழுது என்ன என்று கேட்கலாம். பழுது பஞ்சாங்கத்தில் இருக்கிறது. அக்கினி நட்சத்திரம் முடிந்து ஏறக்குறைய ஒரு வாரமே ஆகியிருக்கும் அந்த நாளில், மதுரைச் சீமையின் மண் ஓடுபோல் காய்ந்து கிடக்கும்; தென்மேற்குப் பருவமழை மலைக்கு அப்பால் கொட்டிவிட்டு நமக்குக் காற்றை மட்டும் அனுப்பும்; ஆவணி புரட்டாசியில் மெள்ளத் தொடங்கி ஐப்பசியில் பெருகுகிற மழைதான் நம்முடைய மழை. ஐப்பசியில் நட்டால் தானே பிழைக்கக்கூடிய கன்றை, ஐரோப்பாவின் நாட்காட்டிக்கு மரியாதை செய்வதற்காக ஆனியும் ஆடியும் வாட்டும்படி நட்டுவிட்டு, அடுத்த ஆண்டு அதே குழியில் மறுபடியும் நடுகிறோம். தன் ஊரில் மழை எப்போது பெய்யும் என்பதைக்கூட விசாரிக்காமல் பூமியைக் காப்பாற்றப் புறப்படுவது ஒரு கல்வி ஆகுமா என்பதே என் கேள்வி.

என் பிள்ளைப் பிராயத்தில் எங்களுக்கு ஒரு கணக்கு வாத்தியார் இருந்தார். அவர் சுற்றுச்சூழல் என்ற சொல்லை ஒரு தடவையாவது உச்சரித்து நான் கேட்டதில்லை. மரம் வளர்ப்போம் என்று பிரசங்கம் செய்ததும் இல்லை. ஆனால் ஐப்பசி மழை விட்ட ஒரு சனிக்கிழமை காலையில், எங்களில் பன்னிரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டு வரும் ஒரு வாய்க்காலின் கரைக்கு அழைத்துப் போனார். போகும் வழியில் வேப்பமரத்தில் ஒரு கொத்தை ஒடித்து என் கையில் கொடுத்தார். வாய்க்கால் ஓரமாக இருபது அடி இடைவெளி விட்டு இரண்டு கற்களை நாட்டச் சொன்னார். முடிச்சுப் போட்ட கயிற்றால் அகலத்தை அளந்தோம். கத்தியால் கோடு கீறிய மூங்கில் கம்பை இறக்கி ஆழத்தைப் பார்த்தோம். பிறகு, ‘இலையைப் போடு’ என்றார். மேல்கல்லருகே நான் இலையைப் போட, கீழ்க்கல்லருகே நின்றவன் ‘வந்திருச்சு சார்’ என்று கத்த, அவர் தம் எச்.எம்.டி. கடிகாரத்தைப் பார்த்து ‘பத்து விநாடி’ என்றார்.

அகலம் மூன்று அடி. ஆழம் ஓர் அடி. இருபது அடி தூரத்தைப் பத்து விநாடியில் கடந்தால் விநாடிக்கு இரண்டு அடி. ஆக மொத்தம் ஆறு கன அடி. ‘மேல்தண்ணீர் விரசாகப் போகும், அடித்தண்ணீர் மெள்ளப் போகும், ஆகையால் ஐந்தில் ஒரு பங்கைத் தள்ளு’ என்றார். தள்ளினோம், நாலே முக்காலுக்குச் சற்று மேலே நின்றது. வைகை அணைக்கு விநாடிக்கு இத்தனை கன அடி நீர்வரத்து என்று தினந்தோறும் பத்திரிகையில் போடுகிறார்களே, அந்தக் கன அடி எங்கள் முழங்காலை நனைத்துக்கொண்டு ஓடுகிறது என்பது அன்றுதான் எங்களுக்குப் பிரத்தியட்சமாயிற்று. உண்மையைச் சொன்னால், எங்களில் பாதிப்பேர் கெண்டை பிடிக்கலாம் என்ற ஆசையில் வந்தவர்கள்.

அதோடு விடவில்லை அவர். ‘இலை எங்கே போகிறதோ அங்கே போங்கள்’ என்று சொல்லி, எங்களைக் கரையோடு நடக்கவைத்தார். ஒரு சிறு பாலத்தின் வாயில் இலை நின்றுவிட்டது. வீடு இடித்த கல்லும் கிழிந்த பாயும் வைக்கோலும் அங்கே அடைத்துக் கிடந்தன. தண்ணீர் கரையை மீறிப் பக்கத்துப் பொட்டலில் பரவி வீணாய்க்கொண்டிருந்தது. பாலத்துக்கு அப்பால் அகலத்தையும் ஆழத்தையும் மறுபடி அளந்தோம். ஒரு கன அடிகூட இல்லை. தேதி, நேரம், மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி, அந்த இடத்துக்கு ‘இலை நின்ற இடம்’ என்று பெயரும் வைத்தோம். மறுவாரம் அந்தக் கணக்கை ஒரு மனுவாக எழுதி, எங்களில் ஒருவனிடம் கொடுத்து, சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் சேர்த்துவிட்டு வரச் சொன்னார். அவன் திரும்பி வந்து, ‘குடுத்துட்டேன் சார்’ என்றான். ‘ரசீது எங்கே?’ என்றார். ‘குடுக்கலை சார்.’ ‘அப்படியானால் நீ இன்னும் கொடுக்கவில்லை’ என்றார் வாத்தியார், சற்றும் கோபமில்லாமல்.

இரண்டாம் முறை அவரே கூடப் போனார். அந்த ஆண்டு ஒன்றும் நடக்கவில்லை. மறு ஆண்டு மழைக்கு முன்னால் இரண்டு ஆட்கள் வந்து பாலத்தின் வாயைச் சுத்தம் செய்தார்கள். எங்கள் மனுவால்தான் வந்தார்கள் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. அதற்கடுத்த ஆண்டு பழையபடி அடைத்துக்கொண்டது. அப்போது எங்களுக்குப் பின்னால் வந்த வகுப்புப் பிள்ளைகள் அதே நோட்டில், அடுத்த பக்கத்தில், அளந்து எழுதினார்கள்.

நடந்து அளந்து எழுதும் இந்த வழியை வாத்தியார் தாமே கண்டுபிடித்தார் என்று நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான், இதற்கு நம் ஜில்லாவோடு சம்பந்தமுள்ள ஒரு பெரிய முன்மாதிரி உண்டு என்று தெரிந்துகொண்டேன். தஞ்சாவூரில் 1892-இல் பிறந்து, லண்டனில் கணக்குத் தணிக்கை பயின்று, கொலம்பியா சர்வகலாசாலையில் பொருளாதாரம் படித்து, காந்தியடிகளைச் சந்தித்தபின் கோட்டைக் கழற்றிக் கதர் உடுத்திய ஜே.சி. குமரப்பா, தம் கடைசி வருஷங்களை டி. கல்லுப்பட்டி காந்திநிகேதனத்தில் கழித்தவர். 1960-இல், ஜனவரி 30-ஆம் தேதியில், காந்தியடிகளின் நினைவு நாளிலேயே காலமானவர். அவர் குஜராத் வித்தியாபீடத்தில் ஆசிரியராக இருந்தபோது, கேடா ஜில்லாவின் மாதர் தாலுகாவில் கிராமங்களின் பொருளாதார நிலையை ஆராயும் பொறுப்பைக் காந்தியடிகள் அவரிடம் ஒப்படைத்தார். மாணாக்கர்களை அழைத்துக்கொண்டு கிராமங்களுக்குப் போன குமரப்பா, குடியானவனின் வருமானம் என்ன, செலவு என்ன, நிலவரி என்ன என்று விசாரித்துக் கணக்கெடுத்தார். அந்த ஆராய்ச்சி 1931-இல் புத்தகமாக வந்தபோது, ஏழைக் குடியானவன் தாங்கமாட்டாத வரியைத் தாங்கிக்கொண்டிருக்கிறான் என்பது மேடைப் பேச்சாக இல்லாமல் அட்டவணையாக நின்றது. இயற்கை தருவதை அழிக்காமல் வாழ்வதே நிலைத்த பொருளாதாரம் என்று 1945-இல் அவர் எழுதிய நூலைச் சூழலியல் பேசுவோர் இன்று மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த நூலுக்கு முன்னால் புழுதியில் நடந்த மாணாக்கர்களின் கால்கள் இருந்தன என்பதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை.

நமக்கு இன்னும் அண்மையில் ஓர் உதாரணம் உண்டு. ரவுண்டானாவிலிருந்து திருப்பரங்குன்றம் சாலையில் பசுமலையைத் தாண்டிப் போனால் தியாகராசர் பொறியியற் கல்லூரி வரும். அங்கே ரசாயனப் பேராசிரியராக இருந்த இரா. வாசுதேவன், தெருவில் பறக்கும் பிளாஸ்டிக் பைகளைப் பற்றி எல்லோரும் புலம்பிக்கொண்டிருந்த காலத்தில், அவற்றை உருக்கினால் எதோடு ஒட்டும் என்று பார்க்கத் தொடங்கினார். ஜல்லியை ஏறக்குறைய 170 டிகிரிக்குச் சுடவைத்து, பொடியாக நறுக்கிய பிளாஸ்டிக்கை அதன்மேல் தூவினால் அது கல்லைச் சுற்றி மெல்லிய தோல்போலப் படிகிறது. அந்தத் தோலின்மேல் தார் இறுகப் பிடித்துக்கொள்கிறது. தண்ணீர் உள்ளே இறங்காததனால் சாலை குழி விழாமல் நீடிக்கிறது. 2002-இல் கல்லூரி வளாகத்திலேயே சாலை போட்டுப் பார்த்தார்கள். 2006-இல் காப்புரிமையும் 2018-இல் பத்மஸ்ரீயும் வந்தன. ஒற்றை வழிச் சாலை ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு டன் பிளாஸ்டிக் செல்லும். தடை செய்வதைவிட முறையாகப் பயன்படுத்துவதே வழி என்பது பேராசிரியரின் கட்சி. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. சாலையில் புதைக்க இடம் இருக்கிறது என்பதனால் மேலும் மேலும் உற்பத்தி செய்யலாம் என்று யாராவது அர்த்தம் செய்துகொண்டால் அது விபரீதமாகும். ஆனாலும், குப்பையைக் கண்டு முகம் சுளிக்காமல் தராசையும் வெப்பமானியையும் எடுத்த அந்த ஆசிரிய சுபாவத்துக்கு நான் தலைவணங்குகிறேன்.

மதுரைப் பிள்ளைக்குத் தராசை வைத்துப் பார்க்க விஷயமா இல்லை? கிருதுமால் நதி ஒன்று போதாதா? நாகமலைப் பக்கத்திலும் துவரிமான் பக்கத்துக் கண்மாய்களிலும் பிறந்து, நகரத்தின் தென்பாகத்தை ஊடறுத்துக்கொண்டு, விருதுநகர், இராமநாதபுரம் சீமைகளை நோக்கிப் போகும் அந்த ஆற்றைப் புராணம் கிருதமாலா என்று அழைக்கிறது. திராவிட தேசத்து அரசன் சத்தியவிரதன் அதில் இறங்கித் தர்ப்பணம் செய்தபோது, அள்ளிய நீரோடு ஒரு சிறு மீன் அவன் உள்ளங்கையில் வந்தது. திரும்ப விடப் போனவனிடம், பெரிய மீன்கள் என்னைத் தின்றுவிடும், காப்பாற்று என்று வேண்டிக்கொண்டது. கமண்டலத்தில் விட்டான், கொள்ளவில்லை. வேறு பாத்திரத்திலும் குளத்திலும் விட்டான், கொள்ளவில்லை. கடைசியில் கடலில் கொண்டுபோய் விடவேண்டியதாயிற்று. பிரளயத்தின்போது அந்த மீனே அவனுடைய ஓடத்தை இழுத்துச் சென்றது. பாகவதம் சொல்லும் மச்சாவதாரக் கதை இது.

இன்று அதே ஆற்றில் யார் கையை விடுவார்கள்? நகரத்துக்குள் அது சாக்கடைக் கால்வாய் என்றே அறியப்படுகிறது. அதன்மேல் பாலத்தில் போகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். பெயரைக் கேட்டால் பலருக்குத் தெரியாது. தமிழ் வகுப்பில் கதையையும் அறிவியல் வகுப்பில் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனையும் தனித்தனியாக நடத்துகிறோம். இவ்விரண்டையும் ஒரு காலை நேரத்தில் பாலத்தின்மேல் நின்று சேர்த்துச் சொல்லத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் இருந்தால், காப்பாற்று என்று கையில் வந்து கேட்க அந்த ஆற்றில் மீன் இருக்கிறதா என்ற கேள்வியைப் பிள்ளைகள் தாமே கேட்டுவிடுவார்கள். துவரிமான் பக்கத்தில் எத்தனை வகை மீன், பொன்மேனி வரும்போது எத்தனை, சிந்தாமணிப் பக்கம் போகும்போது எத்தனை என்று ஓர் அட்டவணை போட்டால், அதைவிடக் கடுமையான குற்றப்பத்திரிகையை எந்த வக்கீலும் எழுத முடியாது.

அட்டவணைக்கு இருக்கும் பலத்தைக் கண்கூடாகக் காண விரும்புகிறவர் மேலூர் பக்கத்து அரிட்டாபட்டிக்குப் போய்வரட்டும். அங்கே உள்ளூர்க்காரர்களும் பறவை ஆர்வலர்களும் பல ஆண்டுகளாகக் குன்றுகளைச் சுற்றி நடந்து, பார்த்ததைக் குறித்துவைத்தார்கள். ஏழு குன்றுகள், 72 நீர்நிலைகள், 200 ஊற்றுகள், லகுடு வல்லூறு முதலாகச் சுமார் 250 வகைப் பறவைகள், தேவாங்கு, எறும்புத்தின்னி, மலைப்பாம்பு, சமணர் படுகை, தமிழி எழுத்து என்று அந்த விவரம் விரிந்து, 2022 நவம்பரில் அது தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024 நவம்பரில் அப்பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்தது என்ற செய்தி வந்தபோது, கிராம ஜனங்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு நடந்தார்கள். டிசம்பரில் சட்டசபை தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் மத்திய சர்க்கார் ஏலத்தை ரத்து செய்தது. நடந்த கால்களுக்கே முதல் மரியாதை. ஆனாலும் ‘எங்கள் மலை’ என்று மட்டும் சொல்லி நிற்காமல், மலையில் என்னென்ன இருக்கிறது என்று எண்ணிச் சொல்ல முடிந்ததே, அந்த எண்ணிக்கையும் அவர்களோடு கூட நடந்தது.

இப்படி நடப்பதை ஆசிரியர்களே முன்நின்று நடத்தியதும் உண்டு. கேரளத்தில் பையனூர்க் கல்லூரியின் விலங்கியல் ஆசிரியர் ஜான் சி. ஜேக்கப் 1970-களில் மாணாக்கர்களைக் காட்டுக்கும் கடற்கரைக்கும் அழைத்துப் போய் இயற்கை முகாம்கள் நடத்தினார். அதே காலத்தில் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை வேண்டாம் என்ற கிளர்ச்சியில் முன்நின்றவர்களில் கல்லூரி ஆசிரியர்கள் பலர். நம் பக்கத்தில் அப்படிப்பட்ட ஆசிரியர்கள் இல்லை என்று சொல்லமாட்டேன். இருக்கிறார்கள், ஆனால் அவர்களுடைய சனிக்கிழமை அவர்களிடம் இல்லை. பதிவேடு, புள்ளிவிவரம், இணையதளத்தில் ஏற்றவேண்டிய தகவல், சிறப்பு வகுப்பு, பரீட்சை, தேர்ச்சி விகிதம் என்று ஒவ்வொன்றாக வந்து அதைத் தின்றுவிடுகின்றன. சுற்றுச்சூழலைப் பாடமாக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991-இலேயே எம்.சி. மேத்தா வழக்கில் கட்டளையிட்டது. 2001-இல் தேசிய பசுமைப்படை என்ற திட்டமும் தொடங்கிற்று. கட்டளையும் திட்டமும் உண்டு. ஓய்வான மனதோடு கரையில் நடக்க ஒரு முற்பகல் மட்டும் கால அட்டவணையில் இல்லை.

பெற்றோருடைய பயத்தையும் நான் லேசாக நினைக்கவில்லை. கண்மாய் என்றால் ஆழம் உண்டு, சகதி உண்டு. வருஷந்தோறும் எங்காவது ஒரு பிள்ளை மூழ்கிய செய்தி வருகிறது. ஆனால் தண்ணீரை அளக்கத் தண்ணீரில் இறங்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கரையிலிருந்து இலையைப் போடலாம். பாலத்திலிருந்து கயிற்றை இறக்கலாம். முழங்கால் ஆழத்துக்கு மேலே எங்கள் வாத்தியார் யாரையும் விட்டதில்லை. இன்னொரு கட்சிக்காரர், பிள்ளைகளை ஆக்கிரமிப்பு விவகாரத்தில் இழுத்துவிடுவீர்கள் என்கிறார். நியாயமான அச்சம்தான். யாருடைய சுவர் என்று எழுதுவது பிள்ளையின் வேலை ஆகாது. கால்வாய் இங்கே ஆறு அடி, அங்கே இரண்டு அடி என்று எழுதுவதோடு அதன் வேலை முடிந்தது. மீதியை நில அளவை வரைபடத்தைக் கையில் வைத்திருக்கும் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

ஆகையால் என் கோரிக்கை சிறியது. மாதம் ஒரு சனிக்கிழமை முற்பகலை, வேறு எந்தக் காரியத்துக்கும் பிடுங்கிக்கொள்ளாமல், பள்ளி ஆசிரியருக்கு விட்டுக்கொடுங்கள். பழங்காநத்தத்துப் பள்ளி மாடக்குளத்தை எடுத்துக்கொள்ளட்டும். தெப்பக்குளத்துப் பள்ளி வண்டியூர்க் கண்மாயை எடுத்துக்கொள்ளட்டும். ஜெய்ஹிந்துபுரத்துப் பிள்ளைகள் கிருதுமாலைப் பார்த்துக்கொள்ளட்டும். நீர்வளத் துறையானாலும் மாநகராட்சியானாலும், அந்த நாற்பது பக்க நோட்டு வந்து சேரும்போது அதை வாங்கிப் புரட்டிப் பார்க்கவேண்டும் என்றுகூட நான் வற்புறுத்தவில்லை. தேதி போட்டு, முத்திரை குத்தி, கையெழுத்திட்டு, கொண்டுவந்த பிள்ளையின் கையில் ஒரு ரசீது கொடுங்கள்.